வால் தூக்கி நிற்கும் பிக்அப்: தெரியுமா உங்களுக்கு?

கோலசிலாங்கூர் கடைத்தெருவில் காலியாக நிற்கும் எந்த பிக்அப்பையும் பக்கவாட்டில் பாருங்கள். ஹைலக்ஸோ, டிமேக்ஸோ, டிரைட்டனோ, ரேஞ்சரோ எதுவானாலும் பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். தயாரித்தவன் கணக்கில் கோட்டைவிட்டான் என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். பின்னால் பாரம் ஏறும், வால் இறங்கும், அப்போது வண்டி சமமாக நிற்க வேண்டும் என்பது கணக்கு. காலி வண்டியின் அந்தத் தூக்கல், நாளை ஏறப்போகும் சுமைக்கு இன்றே ஒதுக்கி வைத்த இடம்!

இதைத் தெரியாமல் நம் பையன்கள் என்ன செய்கிறார்கள்? 'வண்டி மூக்குக் குப்புற நிற்கிறது, பார்க்க நன்றாக இல்லை' என்று முன் ஸ்பிரிங்கின் மேல் இரும்புக் கட்டை வைத்துத் தூக்கிவிடுகிறார்கள். காலியாக நிற்கும்போது கம்பீரம்தான். பின்னால் டிரெய்லரை மாட்டிய அடுத்த நிமிடம் மூக்கு வானத்தைப் பார்க்கிறது!

கொக்கியில் வைக்கும் 250 கிலோ, பின் அச்சுக்குப் போய்ச் சேரும்போது 350 கிலோ ஆகிவிடும். தெரியுமா? மந்திரமில்லை, வெறும் நெம்புகோல். 2,500 கிலோ டிரெய்லர் ஒன்றை இழுக்கிறீர்கள் என்று வையுங்கள். அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 250 கிலோ, கொக்கி மாட்டும் இழுவைக் குமிழின் தலையில் உட்காரும். குமிழ் இருப்பது பின் அச்சுக்கு மேலே இல்லை, அதற்கும் பின்னால் சுமார் 1.2 மீட்டர் தள்ளி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறக்குறைய 3 மீட்டர். பின் அச்சை மையமாகக் கொண்டு அந்த 250 கிலோ கீழே அழுத்த, மறுமுனையில் முன் சக்கரங்களிலிருந்து 100 கிலோ மேலே எழும்பிவிடும். எழும்பிய 100 கிலோவும் காற்றில் கரைவதில்லை. அதையும் பின் அச்சுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். 250 கூட்டல் 100, ஆக 350!

ஸ்டீரிங்கைத் திருப்பும் சக்கரங்களில், பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலை செய்யும் சக்கரங்களில், 100 கிலோ குறைந்துவிட்டது. ஸ்டீரிங் வெண்ணெய் மாதிரி இலேசாகிவிட்டது என்று ஓட்டுநர் சந்தோஷப்படும் நேரம் அதுதான். பயப்பட வேண்டிய நேரமும் அதுதான்.

நம் மாட்டுவண்டிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புத்தகம் இல்லாமலே தெரிந்திருந்தது. முன்பாரம், பின்பாரம் என்று பேர் வைத்தே பேசினார்கள். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும். முன்பாரம் மிஞ்சினால் கழுத்து நைந்துபோகும். மூட்டையை நாலு விரல் முன்னே நகர்த்து, பின்னே நகர்த்து என்று ஏற்றும்போதே சரிசெய்தார்கள். இன்னும் பின்னே போனால் வியப்பு இன்னும் பெரிது. மேடும் பள்ளமுமான வழியில் நிறையச் சரக்கேற்றிப் போகும் உப்பு வணிகர்கள், அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டே போனார்கள். ஔவையார் பாடிய புறநானூற்று 102ஆம் பாட்டில் அந்தச் சேம அச்சு இருக்கிறது. ஸ்டெப்னி டயரின் கொள்ளுத்தாத்தா சங்க காலத்து ஆள்!

இப்போது இரவுக்கு வாருங்கள். டிரெய்லர் மாட்டியதும் மூக்கு 2 சென்டிமீட்டர் ஏறி, வால் 6 சென்டிமீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8 சென்டிமீட்டர்தானே? அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் உள்ள வண்டியில் 8 சென்டிமீட்டர் சாய்வு, 50 மீட்டர் தொலைவில் முன்விளக்கின் ஒளியை 1.3 மீட்டர் மேலே தூக்கிவிடும்! எதிரே வருபவரின் முழங்காலோடு முடிய வேண்டிய வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கும். புக்கிட் ரோத்தானிலிருந்து கோலசிலாங்கூர் வரும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில், இரவு வேலை முடிந்து கப்சாயில் வீடு திரும்பும் ஒருவர் கண் கூசிச் சாலையோரக் கால்வாயில் இறங்க அந்த ஒரு வினாடி போதும். ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னத் திருகு ஒன்று பல வண்டிகளில் இருக்கிறதே, அது எதற்கு என்று என்றைக்காவது யோசித்தீர்களா? வால் இறங்கினால் விளக்கைக் கீழே தாழ்த்துவதற்குத்தான். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள் ஏராளம். இன்றைக்கே தொட்டுப் பாருங்கள்!

பழைய ஹைலக்ஸ் போன்ற வண்டிகளுக்கு அடியில் போய்ப் பார்த்தால் இன்னொரு ஆச்சரியம். பின் அச்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி கிளம்பி, சேசிஸில் இருக்கும் ஒரு வால்வோடு இணைந்திருக்கும். வண்டி தன் பாரத்தைத் தானே 'தெரிந்துகொள்ளும்' வழி அது! பாரம் ஏறி வால் இறங்கினால் கம்பி வால்வைத் தள்ளும், பின் சக்கரப் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போகும். காலியாக இருந்தால் அழுத்தம் குறையும், பின் டயர் பூட்டிக்கொண்டு வழுக்காது. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை, வெறும் ஒரு கம்பி. ஆனால் இதிலே ஒரு வில்லங்கம். நீங்கள் பின்பக்கத்தை ஸ்பிரிங்கோ காற்றுப் பையோ போட்டுத் தூக்கிவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், ஒரு டன் பாரத்தோடு ஓடும் வண்டியைக் காலி வண்டி என்று வால்வு நம்பிவிடும். பின் பிரேக் பாதி தூக்கத்தில் இருக்கும்! புதிய வண்டிகள் பலவற்றில் இந்த வேலையை மின்னணுப் பிரேக் பார்த்துக்கொள்கிறது. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்பதைப் பட்டறையில் கேட்டுவிட்டே கைவையுங்கள்.

வாலைத் தூக்கப் பட்டறையில் முதலில் சொல்லும் வைத்தியம், 'ஒரு பட்டை கூடப் போடு' என்பதுதான். அந்த ஸ்பிரிங் பட்டைக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு அசரவைக்கும். ஒரே நீளம், ஒரே அகலம். 7 மில்லிமீட்டர் தடிமன் பட்டைக்குப் பதில் 8 மில்லிமீட்டர் பட்டை. ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் கூடுதல். விறைப்பு எவ்வளவு கூடும்? ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் விறைப்பு ஏறுவதால் வரும் விந்தை இது. அதனால்தான் கண்டபடி பட்டை அடுக்கிய பிக்அப் காலியாக ஓடும்போது கட்டைவண்டி போலக் குதிக்கிறது, பின் சீட்டில் உட்கார்ந்த அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

பாரம் இரண்டு மடங்கானால் ஸ்பிரிங் இரண்டு மடங்கு அமுங்கும். இன்று பள்ளிக்கூடத்தில் படிக்கும் இந்த விதியைக் கண்டுபிடித்த ராபர்ட் ஹூக், அதை யாரும் திருடிவிடக் கூடாது என்று 1676இல் 14 எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராகத்தான் அச்சிட்டார்! விடையைச் சொன்னது 1678இல். நம் தோட்டத்து ஸ்பிரிங் பட்டைகள் எல்லாம் அந்தப் புதிருக்குக் கீழ்ப்படிந்துதான் மேலும் கீழும் ஆடுகின்றன. இந்தப் பட்டைகளைத் தேடித் தூரதேசம் போக வேண்டாம். போர்ட் கிள்ளானில் உள்ள ஏபிஎம் நிறுவனம் பல காலமாக வாகன ஸ்பிரிங் செய்துவருகிறது.

ஒரு நாள் செம்பனைப் பழம் ஏற்றும் இடத்தில் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். காலியாக இருக்கும்போது பட்டைக் கட்டு வில்லாக வளைந்திருக்கும். அடியில் இருக்கும் தடித்த பட்டை மற்றவற்றோடு ஒட்டாமல் தனியே விலகி நிற்கும். குலைகள் விழ விழ வில் நிமிரும், விலகி நின்ற பட்டை 'டக்' என்று மேலே போய் முட்டும், அந்த நொடியிலிருந்து அதுவும் தோள் கொடுக்கும். இன்னும் ஏற்றினால் அச்சுக்கும் சேசிஸில் தொங்கும் கறுப்பு ரப்பர்க் கட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிதான் மிஞ்சும். அதுவும் போய்விட்டால் ஒவ்வொரு குழியும் நேரே சேசிஸில் அடிக்கும் சம்மட்டி!

அந்த ரப்பர்க் கட்டையை இலேசாக நினைக்காதீர்கள். செயற்கை ரப்பர் எத்தனையோ வந்தும், இடைவிடாமல் அமுங்கி விரியும் இடங்களில் மரத்துப் பாலிலிருந்து வந்த இயற்கை ரப்பருக்கு இன்றும் தனி மரியாதை. விரைவில் சூடேறாது, எளிதில் வெடிக்காது. நம் பாட்டிமார் விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு சீவிய பால்மரம், வண்டியை மட்டுமா தாங்குகிறது? 1957இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பெல்ஹாம் பாலத்தை இயற்கை ரப்பர்த் திண்டுகளின் மேல் உட்கார வைத்தார்கள். 1985இல் கலிபோர்னியாவில் ஒரு முழு நீதிமன்றக் கட்டடத்தையே நிலநடுக்கத்திலிருந்து காக்க ரப்பர்த் திண்டுகளின் மேல் ஏற்றினார்கள். அந்தத் திண்டுகளுக்கான ஆராய்ச்சியைச் செய்தது மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்களின் பணத்தில் இங்கிலாந்தில் நடந்த ஆய்வுக்கூடம்! நாலு மாடிக் கட்டடம் ஆடாமல் நிற்பதற்கும் ஈஜோக் சாலைக் குழியில் உங்கள் பிக்அப் உடையாமல் வருவதற்கும் காரணம் ஒரே பால்தான்.

சரி, காற்றுப் பைக்கு வருவோம். பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு ரப்பர்ப் பையைச் செருகி, டயருக்குப் போல் காற்றடித்தால் தொங்கிய வால் கண் முன்னே எழும்பும். பார்க்கவே கொள்ளை அழகு! பாரம் இல்லாத நாளில் காற்றை இறக்கிவிடலாம், வண்டி குதிக்காது. ஆனால் யாரும் சொல்லாத செய்தி இதில்தான் இருக்கிறது. பின் அச்சில் இருந்த அந்த 350 கிலோ? அப்படியே இருக்கிறது! ஒரு கிலோகூடக் குறையவில்லை. முன் சக்கரத்திலிருந்து ஓடிப்போன 100 கிலோவும் திரும்பி வரவில்லை. உயரம் மாறியதே தவிர எடை மாறவில்லை. விளக்கு கீழே இறங்கும், அச்சு கட்டையில் முட்டாது, அந்த மட்டுக்கும் நல்லது. ஆனால் ஸ்டீரிங் இலேசாக இருந்தது இலேசாகவே இருக்கும்.

இன்னொன்று கேளுங்கள். பட்டை ஸ்பிரிங் சேசிஸை முன்னே ஓரிடம், பின்னே ஓரிடம் என்று இரண்டு முனைகளில் தாங்குகிறது. காற்றுப் பையோ நட்ட நடுவில் ஒரே புள்ளியில் தள்ளுகிறது. பின் நுனியில் கனமான கேரவன் தொங்க, நடுவில் பை நெட்டித் தள்ள, ஆஸ்திரேலியாவில் இரட்டைக் கதவு பிக்அப்களின் சேசிஸ் கேபினுக்குப் பின்னால் வாழைமட்டை மாதிரி வளைந்த சம்பவங்கள் நிறையவே உண்டு. இரும்புச் சேசிஸ் வளையுமா என்று கேட்பவர்களுக்கு அங்கே கிடக்கும் வண்டிகளே பதில்!

அப்படியானால் ஓடிப்போன அந்த 100 கிலோவை முன்னுக்கு இழுத்துவர வழியே இல்லையா? இருக்கிறது! டிரெய்லர் கொக்கியோடு இரண்டு நீளமான உருக்குக் கம்பிகளைப் பூட்டிச் சங்கிலியால் இறுக்கும் ஒரு சாதனம் அமெரிக்காவில் சர்வசாதாரணம். கம்பிகளின் விறைப்பு, பாரத்தின் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் இன்னொரு பகுதியை டிரெய்லரின் சொந்தச் சக்கரங்களுக்கும் தள்ளிவிடும். மூக்கு பழைய உயரத்துக்கு முழுவதும் இறங்கும்வரை முறுக்கு என்பார்கள் முன்பெல்லாம். இப்போது பல தயாரிப்பாளர்கள் பாதியளவு மீட்டாலே போதும் என்கிறார்கள். அதிகம் முறுக்கினால் வளைவில் பின்பக்கம் வழுக்குமாம். நம் பக்கத்தில் இதைக் காண்பது அரிது. காற்றுப் பைக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் அது தலைகீழ் நியாயம்.

இழுக்கும் பாரத்தை விட்டு, ஏற்றும் பாரத்துக்கு வருவோம். செம்பனைக்கும் கோலசிலாங்கூருக்கும் உள்ள பந்தம் தெரியுமா? மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எங்கோ இல்லை, இங்கேதான், இன்றைய பெஸ்தாரி ஜெயாவில் உள்ள தென்னமரம் தோட்டம்! 1917இல் அங்கே செம்பனை நட்ட பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகொனியே, பிற்பாடு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கொங்கூர் பரிசையே வாங்கிவிட்டார். தோட்டத் துரை ஒருவர் கையில் இலக்கியப் பரிசு! அவர் நட்ட மரத்தின் பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போயாக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். சிறுதோட்டக்காரரின் பிக்அப் இருட்டுவதற்குள் தலைதெறிக்க ஓடுவது அதனால்தான். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு குட்டி வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதுவரை ஆள் வைத்துக் கையால் செய்த மகரந்தச் சேர்க்கையை அது பறந்து பறந்து செய்தது, குலைகளும் கனத்தன. ஒரு குலை 25 கிலோ என்றால் 40 குலை ஒரு டன். பிக்அப் சுமக்கக்கூடியது ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் பலகை அடைத்துக் குவித்தால் 60 குலையும் ஏறும், அந்த வண்டின் புண்ணியத்தில்!

மருந்து தெளிக்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டிக்கும் இதே கதை. தண்ணீர் மட்டுமே ஒரு டன். தொட்டியின் எடையையும் ஓட்டுநரையும் கூட்டினால் பல வண்டிகளுக்கு அளவு தாண்டிவிடும். பாதி தொட்டி தண்ணீர் என்றால் பாதி ஆபத்து என்று நினைக்காதீர்கள். பிரேக் பிடித்தால் முன்னே பாயும், எடுத்தால் பின்னே பாயும்.

டிரெய்லரில் பின்பாரம் மிஞ்சினால் என்ன ஆகும்? பாசிர் பெனாம்பாங் பக்கம் ஃபைபர் படகை இழுத்து வரும் மீன்பிடிப் பிரியர்களைக் கேளுங்கள். வெளியெந்திரம் படகின் வால் நுனியில் தொங்குகிறது. பெட்ரோல் டாங்கும் பெரும்பாலும் அங்கேதான். கொக்கியில் பாரமே இல்லாமல் போக, பிக்அப் அழகாகச் சமமாக நிற்கிறது. ஆகா, எவ்வளவு ஒழுங்கு என்று லத்தார் நெடுஞ்சாலையில் ஏறி வேகமெடுத்தால் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும்! கொக்கியில் மொத்த எடையின் பத்தில் ஒரு பங்காவது அழுத்தியே ஆக வேண்டும். வால் கொஞ்சமும் இறங்காத வண்டிதான் சில சமயம் மிக ஆபத்தான வண்டி. படகை டிரெய்லரில் ஒரு முழம் முன்னே நகர்த்திக் கட்டினால் காசு செலவில்லாமல் நெளிவு நின்றுவிடும்.

இழுவைக் குமிழில் 0.8 மில்லிமீட்டர் வம்பு ஒன்று இருக்கிறது. உலகின் பெரும்பகுதியில் குமிழின் விட்டம் 50 மில்லிமீட்டர். அமெரிக்கக் குமிழ் 2 அங்குலம், அதாவது 50.8. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். ஆனால் 2 அங்குலக் கொக்கியை 50 மில்லிமீட்டர்க் குமிழில் மாட்டினால் கடகடவென்று ஆடும், தேயும், ஒரு நாள் துள்ளி வெளியே வரலாம். இணையத்தில் மலிவாக வாங்கியவர்கள் குமிழின் மேல் பொறித்திருக்கும் எண்ணை உடனே பாருங்கள்!

விளம்பரத்தில் '3,500 கிலோ இழுக்கும்' என்கிறார்களே, அதிலும் ஒரு பூட்டு உண்டு. சில மாடல்களில் வண்டி தன் முழுப் பாரத்தோடு 3,200 கிலோ இருக்கலாம், டிரெய்லர் 3,500 இருக்கலாம். ஆனால் இரண்டும் சேர்ந்து 6,000ஐத் தாண்டக் கூடாது! கூட்டிப் பாருங்கள், 6,700 வருகிறது. முழு டிரெய்லரை இழுத்தால் வண்டியில் முழுப் பாரம் கூடாது என்பது கையேட்டின் உள்பக்கத்தில்தான் இருக்கும்.

இந்த வட்டாரத்துச் சாலைகளின் குணமும் தனி. கரையோரம் களிமண், உள்ளே ராஜா மூசா பக்கம் கரிச்சதுப்பு. நீர் வடிந்த சதுப்பு வருடா வருடம் அமிழ்கிறது. பாலம் ஆழத்தில் ஊன்றிய தூண்களில் நிற்பதால் அசையாது, அதை ஒட்டிய சாலை மட்டும் இறங்கிவிடும். ஒவ்வொரு பாலத்திலும் ஒரு 'தொம்' அதனால்தான்! டிரெய்லரோடு போனால் அந்தத் தொம்முக்குப் பிறகு வண்டி ஊஞ்சலாடும். ஆட்டத்தை அடக்குவது ஸ்பிரிங் இல்லை, அப்சோர்பர். அப்சோர்பர் செத்துப்போன வண்டிக்கு எத்தனை பட்டை போட்டாலும் வீண். பெர்ணாம் ஆற்றுக்கு அக்கரையில் பேராக்கின் யுனைடெட் பிளான்டேஷன்ஸ் தோட்டங்களில் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று குறுகிய தண்டவாளம் போட்டுக் குட்டி ரயிலில் பழக்கூண்டுகளை இழுக்கிறார்கள், இன்றைக்கும்!

சாலையைத்தான் குறை சொல்கிறோம், சாலைக்கு நாம் செய்வது? 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தனியே சாலை போட்டு லாரிகளை இரவு பகலாக ஓட்டிப் பார்த்தார்கள். அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் சாலையின் சேதம் இரண்டு மடங்கு இல்லை, ஏறக்குறைய 16 மடங்கு! தோட்டத்துச் சாலை ஏன் ஆறு மாதத்தில் பல்லிளிக்கிறது என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

இவ்வளவும் படித்துவிட்டு நேரே போய்க் காற்றுப் பை வாங்கிவிடாதீர்கள். முதலில் ஒரு அளவு நாடாவை எடுங்கள். சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் மேலே மட்கார்டின் உயரத்தை அளந்து எழுதுங்கள். டிரெய்லரை மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். முன்னால் எவ்வளவு ஏறியது என்ற எண்தான் முக்கியம், பின்னால் எவ்வளவு இறங்கியது என்பது அதற்கு அடுத்ததுதான். டயர்க் காற்றைக் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள பார அளவுக்கு ஏற்றுங்கள். பிறகு சரக்கை நகர்த்துங்கள். ஒவ்வொரு செம்பனை ஆலை வாசலிலும் எடைமேடை இருக்கிறது. அங்கே இருப்பவரிடம் பணிவாகக் கேட்டு, முன் சக்கரங்களை மட்டும் ஒரு தடவை, பின் சக்கரங்களை மட்டும் ஒரு தடவை ஏற்றி நிறுத்துங்கள். அந்த இரண்டு எண்கள் வண்டியின் அளவுக்குள் இருந்து, அப்புறமும் வால் தொங்கினால் மட்டும் ஸ்பிரிங்குக்கோ பைக்கோ செலவு செய்யுங்கள். சேசிஸிலோ உயரத்திலோ கைவைப்பதற்கு முன் ஜேபிஜேயிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எண்கள் அளவைத் தாண்டியிருந்தால் எந்தப் பட்டறையிலும் அதற்கு மருந்து இல்லை. இரண்டு நடையாக ஏற்றிப் போங்கள்.